நலிந்த வன்தட்டிலிருந்து எஸ்எஸ்டிக்கு: அத்தையின் மடிக்கணினியை மீட்ட பதிவு

என் அத்தை ஓய்வுபெற்ற தமிழாசிரியை. 2014இல் வாங்கிய 15.6 அங்குல மடிக்கணினி ஒன்றில்தான் பத்து ஆண்டுகளாக அவருடைய எழுத்து வேலை முழுவதும் நடந்து வந்திருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர்களுக்கு நேரில் சென்று, வயது முதிர்ந்த பெண்களைப் பாடச் சொல்லி அவர் பதிவு செய்த தாலாட்டுகளும் ஒப்பாரிகளும் நடவுப் பாட்டுகளும் ஏறத்தாழ 300 மணி நேரம் அதில் இருந்தன. பாடியவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. 2024 மே மாதம் அவர் தொலைபேசியில் அழைத்து, கணினி சில நாட்களாக அடிக்கடி உறைந்துபோகிறது என்றும், சுட்டியின் அம்புக்குறி நகர்கிறதே தவிர எதைச் சொடுக்கினாலும் அரை நிமிடத்துக்கு எதுவும் நடப்பதில்லை என்றும், அந்த நேரம் முழுவதும் வன்தட்டின் சிறு விளக்கு அணையாமல் எரிகிறது என்றும் சொன்னார். “அந்தப் பாட்டுங்க போயிட்டா, பாடினவங்களை நான் எங்கே போய்த் தேடுவேன்பா?” என்று கேட்டபோது, இது வெறும் வேகக் குறைவைச் சரிசெய்யும் வேலை அன்று என்பது எனக்குப் புரிந்தது. நான் வரும்வரை கணினியைத் திறக்கவே வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

அப்படிக் கேட்டுக்கொண்டதற்குக் காரணம் உண்டு. வன்தட்டு வயதானதால் மெதுவாவதும், வன்தட்டு சாகத் தொடங்கியதால் மெதுவாவதும் பயன்படுத்துபவருக்கு ஒன்றுபோலவே தெரியும். முதல் வகையில் கணினி எப்போதும் சீராக மெதுவாக இருக்கும். இரண்டாம் வகையில் நன்றாக ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று நின்று மீண்டும் ஓடும், ஏனென்றால் படிக்க முடியாத ஓர் இடத்தைச் சந்திக்கும் மடிக்கணினி வன்தட்டு, உடனே தோல்வியை ஒப்புக்கொள்ளாமல் பல நொடிகள் திரும்பத் திரும்ப அதே இடத்தைப் படித்துப் பார்க்கும். அத்தை விவரித்தது இரண்டாவதைப் போலவே இருந்தது. அந்த நிலையில் விண்டோஸைத் திறந்தால், நாம் எதையும் செய்யாவிட்டாலும் பின்னணியில் அது எழுதிக்கொண்டும் தேடல் அட்டவணையைப் புதுப்பித்துக்கொண்டும் இருக்கும். நலிந்த தட்டுக்கு ஒவ்வொரு மணி நேரமும் விலை.

அவருடைய வீட்டுக்குச் சென்றதும் செய்த முதல் வேலை, சிஸ்டம்ரெஸ்க்யூ என்னும் லினக்ஸ் வடிவத்தை யூஎஸ்பி பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து கணினியைத் தொடங்கியது. இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், இது உள்ளே இருக்கும் வன்தட்டைத் தானாகவே திறந்து இணைத்துக்கொள்வதில்லை. நாம் சொல்லும்வரை தட்டைத் தொடாது. அதிலிருந்து வன்தட்டின் ஸ்மார்ட் அறிக்கையைப் படித்தேன். ஸ்மார்ட் என்பது தட்டு தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் உடல்நலக் குறிப்பு. அதில் பல வரிகள் இருக்கும், ஆனால் நான் முதலில் பார்ப்பது நான்கை மட்டுமே. 5ஆம் எண் வரி, கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்களின், அதாவது தட்டில் தரவு எழுதப்படும் சிறு கூறுகளின், எண்ணிக்கை. 197ஆம் வரி, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்கள். 198, தட்டு தானே செய்த சோதனையிலும் தேறாதவை. 199, தட்டுக்கும் தாய்ப்பலகைக்கும் இடையிலான இணைப்பில் ஏற்பட்ட பரிமாற்றப் பிழைகள். இங்கே 5ஆம் வரியில் 40, 197இல் 24, 199இல் பூச்சியம். தட்டு ஓடிய நேரம் 11,640 மணி. 199 பூச்சியமாக இருந்ததால் கேபிளின் மீது பழி இல்லை, தட்டின் மேற்பரப்பே கெட்டுவருகிறது என்பது உறுதியாயிற்று.

இந்த இடத்தில் பலரும் செய்யும் ஒரு செயலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வன்தட்டில் பிழை என்றதும் விண்டோஸின் செக்டிஸ்க்கை ஓட்டச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். செக்டிஸ்க் கோப்பு முறையின் ஒழுங்கைச் சரிசெய்யும் கருவி, அது நம் கோப்புகளைக் காப்பாற்றும் கருவி அன்று. படிக்க முடியாத இடத்தில் ஒரு கோப்புறையின் விவரம் இருந்தால், ஒழுங்கை நிலைநாட்டுவதற்காக அந்த விவரத்தையே அது நீக்கிவிடக்கூடும். தட்டின் முழு நகல் கையில் வரும்வரை அதை ஓட்டக் கூடாது என்பதில் நான் மிகவும் உறுதியாக இருக்கிறேன்.

நகலெடுக்க டிடிரெஸ்க்யூவைப் பயன்படுத்தினேன். சாதாரண நகலெடுக்கும் கருவிகள் கெட்ட செக்டரைக் கண்டதும் நின்றுவிடும், அல்லது அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். டிடிரெஸ்க்யூ முதல் சுற்றில் நல்ல பகுதிகளை எல்லாம் வேகமாக அள்ளிக்கொண்டு, பிழை வரும் இடங்களைத் தாண்டிச் செல்கிறது. பிறகே தாண்டிய இடங்களுக்குத் திரும்பி வந்து ஓரங்களிலிருந்து சிறிது சிறிதாகச் சுரண்டி எடுக்கிறது. எதைப் படித்தோம், எது பாக்கி என்பதை ஒரு வரைபடக் கோப்பில் தொடர்ந்து எழுதிவைப்பதால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தட்டு எந்த நிமிடமும் முற்றிலும் நின்றுவிடக்கூடும் என்ற நிலையில், முதலில் பெரும்பகுதியைக் கரையேற்றிவிட்டுப் பிறகு சிறுபகுதிக்குப் போராடுவது என்ற இந்த வரிசைதான் அதன் உயிர்நாடி.

நகல் போய்ச் சேர்வதற்கு 1 டிபி வெளி வன்தட்டு ஒன்றைக் கொண்டு சென்றிருந்தேன். அது முன்பே எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைக்கப்பட்டிருந்தது. பழைய ஃபேட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, நம் நகலோ 500 ஜிபிக்கு ஒரே கோப்பு. மே மாத வெயிலில் தட்டின் வெப்பநிலை தொடங்கும்போதே 44 டிகிரியாக இருந்ததால், மடிக்கணினியின் கீழே இரண்டு மரக்கட்டைகளை வைத்து உயர்த்தி, மேசை விசிறியை அடிப்பகுதி நோக்கித் திருப்பி வைத்தேன். நகல் முடியும்வரை அது 47ஐத் தாண்டவில்லை. தட்டின் வெளி வட்டத்தில் நொடிக்கு 98 எம்பி என்று தொடங்கிய வேகம், உள் வட்டத்தை நெருங்கும்போது 50க்கு அருகே இறங்கியது. சுழலும் தட்டின் இயல்பே அதுதான். வெளி வட்டம் நீளமானது, ஒரு சுற்றுக்கு அதிகத் தரவு கடந்து செல்லும். முதல் சுற்று முடிய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆனது. மீதி இருந்தது 12,288 பைட்டுகள் மட்டுமே. ஸ்மார்ட் அறிக்கை சொன்ன 24 செக்டர்களை 512ஆல் பெருக்கினால் சரியாக அதே எண்தான் வருகிறது. உண்மையில் இத்தகைய தட்டுகள் உள்ளே 4,096 பைட்டுகளை ஓர் அலகாகக் கொண்டவை என்பதால், அவை மூன்று இடங்கள். மூன்று முறை மீண்டும் முயன்றதில் ஓர் இடம் படிக்கக் கிடைத்தது. இரண்டு இடங்கள், அதாவது 8,192 பைட்டுகள், கடைசிவரை வரவில்லை.

50,010 கோடி பைட்டுகளில் 8,192 பைட்டு போனது ஒரு பொருட்டா என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த இரண்டு இடங்களும் எந்தக் கோப்புகளுக்குள் விழுந்திருக்கின்றன என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. நகல் கோப்பில் படிக்கப்படாத இடங்களை மட்டும் நாம் விரும்பும் ஒரு தனித்த சொல்லால் நிரப்பச் சொன்னால் டிடிரெஸ்க்யூ செய்யும். பிறகு அந்த நகலைப் படிக்க மட்டும் என்ற நிலையில் திறந்து, எல்லாக் கோப்புகளிலும் அந்தச் சொல்லைத் தேடினால், காயம்பட்ட கோப்புகள் தாமே வெளிப்படும். தேடி முடிக்க இரவு பதினொன்றாகிவிட்டது. ஒன்று விண்டோஸின் நினைவக மாற்றுக் கோப்பில் இருந்தது, அதற்கு இனி எந்த மதிப்பும் இல்லை. மற்றொன்று 2016இல் எடுத்த ஓர் ஒப்பாரிப் பதிவின் நடுவே இருந்தது. அவருடைய ஒலிப்பதிவுக் கருவி ஒற்றை ஒலித்தடத்தில், நொடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 2 பைட்டு என்ற கணக்கில் பதிவு செய்வது. ஆகவே ஒரு நொடிக்கு 88,200 பைட்டு, போன 4,096 பைட்டு என்பது நொடியில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. நிரப்பியிருந்த சொல்லை நீக்கிப் பூச்சியங்களால் மீண்டும் நிரப்பியதும், அந்த இடத்தில் மிக நுண்ணிய ஒரு மௌனம் மட்டும் மிஞ்சியது.

நகல் பத்திரமான பிறகுதான், சுழலும் தட்டுக்குப் பதிலாக நினைவகச் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியைப் பற்றிப் பேசத் தொடங்கினோம். ஒப்பிடுவதற்காகப் பழைய தட்டிலிருந்து விண்டோஸை ஒரே ஒருமுறை திறந்து நேரம் பார்த்தேன். பொத்தானை அழுத்தியதிலிருந்து ஓர் ஆவணத்தைத் திறக்க முடிகிற நிலைக்கு வர 4 நிமிடம் 10 நொடி ஆனது.

இவ்வளவு நேரம் ஏன் ஆகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. அந்தத் தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்வது, அதாவது ஒரு சுற்றுக்கு 11.1 மில்லி நொடி. வேண்டிய செக்டர், தரவைப் படிக்கும் தலைமுனைக்குக் கீழே வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று, 5.6 மில்லி நொடி காத்திருக்க வேண்டும். அதற்கு முன்பு தலைமுனை சரியான வட்டத்துக்கு நகர்ந்து சேர ஏறத்தாழ 12 மில்லி நொடி. ஆக, தட்டில் சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கும்போது, நொடிக்கு அறுபது கோப்புத் துண்டுகளைக்கூடத் தொட முடிவதில்லை. ஓர் இயக்க முறைமை தொடங்கும்போது படிப்பதோ பல்லாயிரம் சிறு துண்டுகள். எஸ்எஸ்டியில் நகரும் பகுதி எதுவும் இல்லாததால், அதே சிறு துண்டு ஒரு மில்லி நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவில் வந்துவிடுகிறது. விற்பனைப் பெட்டியில் பெரிதாக அச்சிடப்படும் நொடிக்கு 560 எம்பி என்பதைவிட, பெட்டியில் அச்சிடப்படாத இந்தக் காத்திருப்பு நேரம்தான் பழைய கணினிக்கு மறுவாழ்வு தருகிறது. 1980களில் தோஷிபாவில் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோகா உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகம், இன்று ஓர் ஓய்வூதியரின் கைக்கு எட்டும் விலையில் கிடைப்பதை நான் உண்மையாகவே ஒரு கொடையாகக் கருதுகிறேன்.

எஸ்எஸ்டியைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன். வாங்குவதற்கு முன் மூன்று செய்திகளைப் பார்த்தேன். முதலாவது உருவம். பழைய தட்டு 2.5 அங்குல வகை, 7 மில்லிமீட்டர் தடிமன், சாட்டா இணைப்பு. எனவே அதே உருவத்தில் சாட்டா எஸ்எஸ்டிதான் வேண்டும். குச்சி போன்ற எம்.2 வகை இந்தக் கணினியில் பொருந்தாது. பழைய தட்டு 9.5 மில்லிமீட்டராக இருந்தால், 7 மில்லிமீட்டர் எஸ்எஸ்டி உள்ளே தளர்ந்து ஆடாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் தேவைப்படலாம். இரண்டாவது கொள்ளளவு. 480 ஜிபி என்று விற்கப்படுபவற்றின் விலை சற்றுக் குறைவு. ஆனால் 500 ஜிபி வன்தட்டில் 97,67,73,168 செக்டர்கள் உள்ளன, 480 ஜிபி எஸ்எஸ்டியில் இருப்பவை 93,77,03,088 மட்டுமே. பழைய தட்டை அப்படியே செக்டர் செக்டராகப் படியெடுக்க நினைப்பவர், பார்ட்டிஷன்களை, அதாவது தட்டின் பிரிவுகளை, முன்பே சுருக்காவிட்டால், வேலை முடியும் தறுவாயில் இடமில்லை என்ற செய்தியைச் சந்திப்பார். நான் படியெடுக்கப் போவதில்லை என்றாலும், அந்த வழியை அடைத்துவைக்க விரும்பாமல் 500 ஜிபியே வாங்கினேன்.

மூன்றாவதுதான் முக்கியமானது, எஸ்எஸ்டியின் உள்ளமைப்பு. ஒரு சிறு மின்னேற்றக் கலத்தில் மூன்று பிட்டுகளை வைப்பது டிஎல்சி, நான்கை வைப்பது கியூஎல்சி. மூன்றுக்கு 8 மின்னேற்ற நிலைகளைப் பிரித்தறிய வேண்டும், நான்குக்கு 16. நிலைகள் நெருங்க நெருங்க எழுதும் வேகமும் உழைக்கும் காலமும் குறையும். எந்தத் தரவு எந்தக் கலத்தில் இருக்கிறது என்ற அட்டவணையை வைத்துக்கொள்ளத் தனியாக டிராம் நினைவகம் உள்ள எஸ்எஸ்டிகளும் உண்டு, இல்லாதவையும் உண்டு. நூற்றுக்கணக்கான ஜிபி ஒலிப்பதிவுகளைத் தொடர்ந்து எழுதும்போது டிராம் இல்லாத மலிவு வகைகள் மூச்சுத் திணறுவதை நான் முன்பு பார்த்திருக்கிறேன். ஆகவே டிஎல்சியும் டிராமும் கொண்ட க்ரூஷியல் எம்எக்ஸ்500ஐத் தேர்ந்தெடுத்தேன். அதன் 500 ஜிபி வடிவத்துக்கு நிறுவனம் 180 டிபி எழுத்து அளவுக்கும் ஐந்து ஆண்டுகளுக்கும் உத்தரவாதம் தருகிறது. நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதினாலும் 180 டிபி தீர இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அத்தை ஒரு நாளில் எழுதுவது அதில் கால் பங்குகூட இராது. எஸ்எஸ்டி விரைவில் தேய்ந்துவிடும் என்ற அச்சத்தை இத்தகைய பயன்பாட்டில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

போலிகள் புழங்கும் பொருள் என்பதால், பொருத்துவதற்கு முன் யூஎஸ்பி–சாட்டா இணைப்பி வழியாக எஃப்3 என்னும் கருவியைக் கொண்டு முழுக் கொள்ளளவையும் எழுதி மீண்டும் படித்துச் சரிபார்த்தேன். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் சாதனங்கள் இந்தச் சோதனையில் அகப்பட்டுவிடும். இதனால் ஏற்படும் தேய்மானம் 180 டிபியில் அரை டிபி மட்டுமே. சோதனை தேறியதும் எழுதிய அனைத்தையும் டிரிம் செய்து, அதாவது அந்த இடங்கள் இனி தேவையில்லை என்று எஸ்எஸ்டிக்கு அறிவித்து, அதை வெறுமையாக்கினேன்.

பிரிக்கும் வேலைக்குத் தேவைப்பட்டவை ஒரு சிறு ஸ்டார் திருப்புளி, காலாவதியான ஏடிஎம் அட்டை ஒன்று, ஒரு வெள்ளைத் தாள். தாளில் கணினியின் அடிப்பகுதியைக் கோட்டுருவமாக வரைந்து, கழற்றும் ஒவ்வொரு திருகாணியையும் அது இருந்த இடத்திலேயே தாளில் ஒட்டும் நாடாவால் ஒட்டிவைத்தேன். இதைச் சோம்பலால் தவிர்க்கக் கூடாது. நீளத் திருகாணியைக் குட்டைத் திருகாணிக்குரிய துளையில் முடுக்கினால், அதன் முனை மறுபுறம் விசைப்பலகையின் கீழே முட்டி உடைக்கும். முதலில் மின்கலத்தைக் கழற்றி, பவர் பொத்தானை இருபது நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்னேற்றத்தைப் போக்கினேன். கைகளின் நிலைமின்னேற்றம் நீங்க வீட்டு ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொண்டேன். டிவிடி இயக்கியை ஒற்றைத் திருகாணி பிடித்திருந்தது. அதை வெளியே இழுத்தால்தான், அதன் அறைக்குள் ஒளிந்திருக்கும் இரண்டு சிறு திருகாணிகள் தெரியும். ரப்பர்க் கால்களின் கீழே இன்னும் இரண்டு இருந்தன. ஏடிஎம் அட்டையின் ஓரத்தை விளிம்பில் செருகி மெல்ல நகர்த்த, கொக்கிகள் ஒவ்வொன்றாக விடுபட்டு அடிமூடி வந்தது. பத்தாண்டுத் தூசி விசிறியின் வாயில் கம்பளிபோல் படிந்திருந்தது. மென்மையான தூரிகையால் துடைக்கும்போது விசிறியின் இதழ்களை விரலால் பிடித்துக்கொண்டேன், துடைக்கும் வேகத்தில் அது சுழன்றால் பழுதாகக்கூடும்.

வன்தட்டு ஒரு தகரச் சட்டத்தில் நான்கு பக்கத் திருகாணிகளால் பிணைக்கப்பட்டு, ஒரு மெல்லிய ரிப்பன் கேபிளால் தாய்ப்பலகையோடு இணைக்கப்பட்டிருந்தது. தட்டைச் சட்டத்திலிருந்து விடுவித்து, எஸ்எஸ்டியை அதே திசையில் வைத்து முடுக்கினேன். சாட்டா இணைப்பில் தரவுக்கு 7 ஊசிகளும் மின்சாரத்துக்கு 15 ஊசிகளும் உண்டு, இரண்டும் எல் வடிவத்தில் ஒருபக்கம் மட்டும் பொருந்தும் என்பதால் தவறாகச் செருக வாய்ப்பில்லை. எஸ்எஸ்டியின் எடை பழைய தட்டில் பாதிகூட இல்லை. கணினி திறந்திருக்கும்போதே, காலியாக இருந்த நினைவக இடத்தில் இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3எல் துண்டையும் செருகினேன். இந்த நான்காம் தலைமுறை ஐ3 செயலி 1.35 வோல்ட் எல் வகையை மட்டுமே ஏற்கும். அதே தோற்றமுள்ள பழைய 1.5 வோல்ட் டிடிஆர்3 துண்டைச் செருகினால் கணினி தொடங்காது.

இயக்க முறைமைக்கு அத்தையோடு கலந்து பேசினேன். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிய இருந்தது. விண்டோஸ் 11 இந்தச் செயலியை ஏற்பதில்லை. அவர் பயன்படுத்துபவை ஒலித் தொகுப்புக்கு அடாசிட்டி, எழுத்துக்கு ஒரு ஆவணச் செயலி, ஓர் உலாவி, தமிழ்99 விசைப்பலகை. இவை அனைத்தும் லினக்ஸில் உண்டு என்பதால் லினக்ஸ் மின்ட் 21.3 எக்ஸ்எஃப்சிஇ வடிவத்தைப் புதிதாக நிறுவினேன். 40 ஜிபி அளவு இடத்தை எந்தப் பார்ட்டிஷனிலும் சேர்க்காமல் விட்டேன். எஸ்எஸ்டி தன் உள் ஒழுங்கமைப்புக்கு அதைப் பயன்படுத்திக்கொள்ளும்.

நிறுவல் முடிந்து முதல்முறை திறந்தபோது, பழையதைவிட வேகம்தான், ஆனால் எதிர்பார்த்த வேகம் இல்லை. தொடர்ச்சியாகப் படிக்கும் வேகத்தை அளந்தால் நொடிக்கு 130 எம்பி வந்தது. இது பழைய தட்டைவிட அதிகம் என்பதால் பலர் இதோடு திருப்தியடைந்து மூடியை மாட்டிவிடக்கூடும். லினக்ஸின் தொடக்கச் செய்திகளைப் படித்துப் பார்த்ததில், சாட்டா இணைப்பு 6 ஜிகாபிட்டில் தொடங்கி, பிழைகள் வந்ததால் 3க்கு இறங்கி, இறுதியில் 1.5 ஜிகாபிட்டில் நின்றிருந்தது தெரிந்தது. புத்தம்புதிய எஸ்எஸ்டியின் ஸ்மார்ட் அறிக்கையில் 199ஆம் வரி 17 என்று காட்டியது. பிழை எஸ்எஸ்டியில் இல்லை, அதற்கும் தாய்ப்பலகைக்கும் நடுவில் இருக்கிறது என்பதையே அந்த வரி சொல்கிறது. மீண்டும் பிரித்துப் பார்த்தபோது, ரிப்பன் கேபிளின் தாய்ப்பலகை முனை தன் இருக்கையில் ஒரு நூலளவு சாய்ந்திருந்தது. தூசி துடைக்கும்போது என் கை அதை அசைத்திருக்க வேண்டும். அந்த இணைப்பியின் சிறு கரும் தாழை நிமிர்த்தி, கேபிளை முழுவதுமாக உள்ளே தள்ளி, கேபிளில் அச்சிடப்பட்ட வெள்ளைக் கோடு இருக்கையின் விளிம்புக்கு இணையாக இருப்பதைப் பார்த்துத் தாழை மூடினேன். இப்போது இணைப்பு 6 ஜிகாபிட், படிக்கும் வேகம் 530 எம்பி. பொத்தானை அழுத்தியதிலிருந்து ஆவணம் திறக்கும்வரை 26 நொடி. இயக்க முறைமையும் நினைவக அளவும் மாறியிருப்பதால் இது முழுக்க எஸ்எஸ்டியின் சாதனை என்று சொல்வது நேர்மையாகாது, ஆனால் பெரும்பங்கு அதனுடையது.

இனி கோப்புகளைக் கொண்டுவரும் வேலை. நகலைப் படிக்க மட்டும் என்று திறந்து ஒலிப்பதிவுகளையும் ஆவணங்களையும் படியெடுத்து, இருபுறமும் ஒவ்வொரு கோப்புக்கும் சரிபார்ப்பு எண் கணக்கிட்டு ஒப்பிட்டேன். ஒன்றும் தவறவில்லை. ஆனால் அத்தை 2014, 2015ஆம் ஆண்டு ஆவணங்களைத் திறந்ததும் முகம் மாறினார். பாடல் வரிகள் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த பொருளற்ற வரிகள் இருந்தன. கோப்பு கெடவில்லை. அவை யூனிகோடுக்கு மாறுவதற்கு முன் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அம்முறையில் கோப்புக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகளின் குறியீடுதான், தமிழ் வடிவத்தைத் தருவது எழுத்துரு மட்டுமே. எழுத்துரு இல்லாத கணினியில் அது தமிழே அன்று. விண்டோஸின் எழுத்துருக் கோப்புறை நகலில் முழுமையாக இருந்ததால் பாமினியை அங்கிருந்து எடுத்து நிறுவினேன், வரிகள் திரும்பின. தனிக் கோப்புகளை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு பழைய தட்டைத் தூக்கிப்போட்டிருந்தால் இது கிடைத்திருக்காது. பழைய குறியேற்றத்தில் தமிழ் ஆவணங்கள் வைத்திருப்பவர்கள் இயக்க முறைமையை மாற்றும் முன் எழுத்துருக்களையும் கட்டாயம் படியெடுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றும் வேலையை அத்தையும் நானும் இப்போது சிறிது சிறிதாகச் செய்துவருகிறோம்.

அத்தைக்கு இரண்டு செய்திகளை விளக்கிச் சொன்னேன். வன்தட்டில் ஒரு கோப்பை அழித்தால், அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை அதை மீட்க வாய்ப்பிருந்தது. எஸ்எஸ்டியில் அழித்த இடங்கள் டிரிம் மூலம் அறிவிக்கப்பட்டு உள்ளேயே துடைக்கப்பட்டுவிடும். மின்ட் இதை வாரம் ஒருமுறை தானாகச் செய்கிறது. வேகம் குறையாமலிருக்க அது தேவை, ஆனால் குப்பைத்தொட்டியைக் காலி செய்து, டிரிம்மும் நடந்துவிட்டால் மீட்புக் கருவிகள் எதுவும் உதவாது. இரண்டாவது, எஸ்எஸ்டியை அலமாரியில் பூட்டிவைக்கும் காப்பகமாகப் பயன்படுத்தக் கூடாது. கலத்தில் அடைபட்ட மின்னேற்றம் மெல்லக் கசியும். உத்தரவாத அளவுக்கு எழுதித் தேய்ந்த சாதாரண எஸ்எஸ்டி, மின்சாரமின்றி 30 டிகிரியில் ஓராண்டு தரவைக் காத்தால் போதும் என்பதுதான் நினைவகச் சாதனங்களுக்கான ஜெடெக் தரநிர்ணயம் கேட்கும் அளவு. புதிய எஸ்எஸ்டி இதைவிட நெடுங்காலம் காக்கும் என்றாலும், பாடல்களின் காப்பு நகல்களுக்கு நாங்கள் வன்தட்டுகளையே நம்புகிறோம். 95 ஜிபி பதிவுகளும் இப்போது மூன்று இடங்களில் உள்ளன: அவருடைய மடிக்கணினியில், அவர் வீட்டு அலமாரியிலுள்ள வெளி வன்தட்டில், சென்னையில் என்னிடமுள்ள இன்னொன்றில்.

கழற்றிய பழைய தட்டை டிவிடி இயக்கியின் இடத்தில் பொருத்திக் கூடுதல் சேமிப்பாக வைத்துக்கொள்ளலாமே என்று கடைக்காரர் யோசனை சொன்னார். நல்ல தட்டாக இருந்தால் சிறந்த யோசனை. 197ஆம் வரியில் எண் ஏறிய தட்டுக்கு நான் அதைச் செய்ய மாட்டேன். நிலைமின்சாரம் தாக்காத உறையில் இட்டு, “2024 மே, நகல் எடுக்கப்பட்டது, இரண்டு இடங்கள் படிக்கவில்லை” என்று எழுதி அத்தையின் பீரோவில் வைத்திருக்கிறேன்.

ஒரு மாதம் கழித்துச் சென்றபோது ஸ்மார்ட் அறிக்கையை மீண்டும் பார்த்தேன். 199ஆம் வரி அதே 17இல் நின்றிருந்தது. அந்த எண் ஒருபோதும் குறையாது, கூடாமலிருப்பதுதான் நலம். அத்தை 2016இன் அந்த ஒப்பாரிப் பதிவைப் போடச் சொல்லிக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு முழுவதும் கேட்டார். அந்த மௌனம் விழுந்த இடத்தை நான் நிமிடக் கணக்கில் குறித்து வைத்திருந்தேன். அந்த நொடி கடந்தபோது, பதிவில் பாடும் பாட்டி அடுத்த அடிக்கு மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். அத்தை எதையும் கவனிக்காமல் பாட்டின் வரியைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தார்.